எமிரேட்ஸ் ஏ380 முதல் வகுப்பு: களைத்த உடம்புக்கு எது உதவுகிறது?

எமிரேட்ஸின் முதல் ஏ380 விமானம் பயணிகளோடு துபாயிலிருந்து நியூயார்க்குக்குப் பறந்தது 2008 ஆகஸ்ட் 1-ஆம் தேதி. ஆகாயத்தில் ஷவர் குளியல் என்பதுதான் அன்றைய பேச்சு. இன்றும் அதன் முதல் வகுப்பைப் பற்றிச் சொல்கிறவர்கள் ஷவரில் ஆரம்பித்து ஷாம்பெயினில் முடிக்கிறார்கள். நியூயார்க்கில் ஒரு வர்த்தகக் கண்காட்சியில் காலை முதல் இரவு வரை நின்று கால் வீங்கிய நிலையில், சேர்த்து வைத்திருந்த விமானப் பயண மைல்களைச் செலவழித்து, இதில் துபாய் வரை வந்து சென்னை திரும்பினேன். எனக்கு இருந்த கேள்வி ஒன்றுதான். சோர்ந்துபோன ஒருவரை இந்த இருக்கை எவ்வளவு தூரம் தேற்றி இறக்கிவிடுகிறது?

மேல்தளத்தின் முன்பகுதியில் 14 தனி அறைகள். ஒரு வரிசைக்கு ஜன்னலோரம் ஒன்று, நடுவில் இரண்டு, மறு ஜன்னலோரம் ஒன்று. தனியாகப் போகிறவர்கள் ஜன்னலோரம் கேளுங்கள். நடு இருக்கைகள் ஜோடியாகப் போகிறவர்களுக்கு. பொத்தானை அழுத்தினால் கதவு நகர்ந்து மூடிக்கொள்கிறது. ஆனால் அறைச் சுவர் கூரை வரை போவதில்லை. ஆள் பார்வை மறையும், சத்தம் மறையாது. தரையிலிருந்து கூரை வரை முழுக்க மூடிய அறை வேண்டுமென்றால், 2017 நவம்பரில் இதே நிறுவனம் போயிங் 777-இல் அறிமுகப்படுத்திய ஆறு அறை அமைப்புதான் அதற்குச் சரி. அது எல்லாத் தடத்திலும் கிடைக்காது.

பக்கவாட்டில் சின்ன மினிபார் ஒன்று இருக்கிறது, பொத்தானைத் தட்டினால் மேலெழும்பி வருகிறது. பார்க்க அழகு. ஆனால் அதிலுள்ள பானங்களுக்குக் குளிர்ச்சி கிடையாது. ஜில்லென்று வேண்டுமானால் பணிப்பெண்ணிடம்தான் கேட்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயம், படுக்கை. பிசினஸ் கிளாஸிலும் இருக்கை முழுதாகப் படுக்கையாகிறது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே கால் போகும் இடம் முன்னிருக்கையின் பக்க மேசைக்கு அடியில் குறுகிவிடும். ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுக்கிற பழக்கமுள்ளவர்களுக்கு அங்கே இடிக்கும். முதல் வகுப்பில் கால்மாடு திறந்திருக்கிறது. மெத்தை விரித்து, போர்வை போட்டுக் கொடுத்தார்கள். புரண்டு படுத்தேன், குப்புறப் படுத்தேன், எங்கும் இடிக்கவில்லை. மேல்தளத்தின் முன்பகுதி என்பதால் எஞ்சின்கள் பின்னால் தள்ளியிருக்கின்றன. அந்த அமைதி தூக்கத்துக்குப் பெரிய துணை. படுத்துக்கொண்டு வந்ததில் கால் வீக்கமும் இறங்கியிருந்தது. எனக்கு இந்த வகுப்பின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது.

தூக்கத்தை எப்போது போடுவது என்பதையும் யோசிக்க வேண்டும். கோடைக்காலத்தில் நியூயார்க் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். அங்கே நள்ளிரவு என்றால் சென்னையில் காலை ஒன்பதரை. அதாவது இரவில் கிளம்பி துபாய் வரும் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதி நம் ஊருக்குப் பகல். மேற்கே போவதைவிடக் கிழக்கே திரும்புவது உடம்புக்குக் கடினம் என்பதும் தெரிந்ததே. நம் உள்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீண்டது, அதனால் நாளை நீட்டிக்கத் தயங்காது, சுருக்கத்தான் முரண்டு பிடிக்கும். எனவே ஊர் இரவுக்குத் தூக்கம் மிச்சமிருக்க வேண்டுமென்று, ஏறியவுடன் சாப்பாட்டுக்குக் காத்திராமல் படுத்துவிட்டேன். பாதிப் பயணத்தில் எழுந்து மீதியை விழித்துக் கழித்தேன். நினைத்த நேரத்தில் சாப்பாடு கேட்கலாம் என்ற வசதி இருப்பதால்தான் இப்படிச் செய்ய முடிகிறது. வண்டி தள்ளிவரும் நேரத்துக்கு நாம் விழித்திருக்க வேண்டியதில்லை.

ஷவர் அறைகள் இரண்டு. பணியாளரிடம் நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் ஓடுவது ஐந்து நிமிடம். எவ்வளவு மிச்சம் என்பதைச் சுவரில் விளக்கு காட்டுகிறது. சோப்புப் போடும்போது நிறுத்திக்கொண்டால் அந்த ஐந்து நிமிடம் தாராளமாகப் போதும், தலைக்கே குளிக்கலாம். தண்ணீர் நல்ல சூடு, வேகமும் உண்டு. தரைகூட வெதுவெதுப்பாக இருந்தது. விமானம் குலுங்கினால் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொள்ள அங்கேயே வசதி இருக்கிறது. இறங்குவதற்கு முந்தைய ஓரிரு மணி நேரத்தில் எல்லோரும் கேட்பார்கள், ஆகவே ஏறும்போதே நடுப்பயண நேரத்தைச் சொல்லி வையுங்கள். விழித்தவுடன் குளித்தது, 'இது காலை' என்று உடம்புக்குச் சொல்லிக் கொடுத்ததுபோல இருந்தது.

சாப்பாட்டில் பேரீச்சம்பழமும் ஏலக்காய் மணக்கும் அரபுக் காபியும் அருமை. கேவியர் பிடித்தவர்களுக்கு அதுவும் உண்டு. ஆனால் உயரத்தில் நாக்கு மந்தமாகிவிடுகிறது என்பதை மறக்க வேண்டாம். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் லுஃப்தான்சாவுக்காக 2010-இல் செய்த ஆய்வில், குறைந்த காற்றழுத்தத்தில் உப்புச்சுவை 20 முதல் 30 சதவீதமும் இனிப்பு 15 முதல் 20 சதவீதமும் குறைவாகத் தெரிவதைக் கண்டார்கள். விலை உயர்ந்த மென்சுவை உணவெல்லாம் அங்கே பாதி வீண். காரசாரமான அரபு மசாலா உணவுதான் எனக்கு ருசித்தது.

எந்த வகுப்புக்காரரும் தப்ப முடியாதது காற்றின் வறட்சி. விமானத்துக்குள் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. தோலுக்கு ஈரம் தரும் என்று சொல்லித் தரும் பைஜாமா மெத்தென்று இருக்கிறது, ஆனால் தொண்டை காய்வதை அது தடுக்காது. நிறையத் தண்ணீர் குடியுங்கள், மதுவைத் தொடாதீர்கள். தூக்கம் வேண்டுமென்றால் இலவச ஷாம்பெயின் உங்களுக்கு எதிரி.

துபாயிலிருந்து சென்னைக்கு ஏ380 வருவதில்லை. போயிங் 777-இல் சுமார் நான்கு மணி நேரம். ஷவர் கிடையாது, தூங்கி எழவும் நேரம் போதாது. அந்தத் துண்டுக்கு முதல் வகுப்பு வேண்டாம் என்பேன். மைல்களை நம்பியிருப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2025 மே முதல் எமிரேட்ஸின் ஸ்கைவார்ட்ஸ் மைல் திட்டத்தில் சில்வர், கோல்டு, பிளாட்டினம் உறுப்பினர்களுக்கு மட்டுமே முதல் வகுப்பு மைல் டிக்கெட் கொடுக்கிறார்கள். முதலில் அந்தத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள்.

என் தீர்ப்பு இது. போகும்போது எந்த வகுப்பிலும் போங்கள். திரும்பும்போது, அதுவும் நீண்ட இரவுப் பயணத்துக்கு, மைல்கள் இருந்தால் தயங்காமல் இதில் செலவழிக்கலாம். முழுப் பணம் கட்டி வாங்குவதென்றால் பிசினஸ் கிளாஸ் படுக்கையே போதும்.