பனிக்கூம்பும் வாற்கோதுமை வயலும்

லடாக்கில் எழுப்பப்படும் பனிக்கட்டிக் கூம்புகளைப் புகழாத பத்திரிகை இல்லை எனலாம். பௌத்த ஸ்தூபியை ஒத்திருப்பதால் ‘பனி ஸ்தூபி’ என்று பெயர் பெற்ற இவை, வறண்ட குளிர் மலைநாட்டு உழவரின் தண்ணீர்த் தட்டுப்பாட்டைத் தீர்த்துவிட்டன என்ற எண்ணமும் பரவியிருக்கிறது. இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரி? எளிய கணக்கைக் கொண்டு மதிப்பிடுவோம்.

லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். வாற்கோதுமை, கோதுமை, பட்டாணி யாவும் மலையின் உருகுநீரை நம்பியே விளைகின்றன. கோடை குறுகியது, ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் விதைத்தாக வேண்டும். ஆனால் உயரத்திலுள்ள பனியாறுகள் ஜூனில்தான் நன்கு உருகத் தொடங்குகின்றன. குளிர்காலத்தில் ஓடைநீர் பயனின்றி ஓடிவிடுகிறது. ஆகவே வேண்டிய வேளையில் நீர் இல்லாமையே இங்குள்ள முதற் குறை.

இதற்கு வழி கண்டவர்களில் முன்னோடி, செவாங் நோர்பெல் என்ற சிவில் எஞ்சினியர். 1980களில் அவர் குளிர்கால ஓடைநீரை மலைநிழல் விழும் இடத்துக்குத் திருப்பி, கற்சுவர்களால் வேகத்தைத் தணித்து, படலம் படலமாக உறையவைத்தார். 2015இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். ஆனால் இம்முறைக்கு உயரமும் நிழலும் தேவை. ஊருக்கு அருகிலேயே பனியைச் சேமிக்க 2013–14 குளிர்காலத்தில் சோனம் வாங்சுக் கூம்பு வடிவை முயன்றார். மேட்டிலிருந்து குழாயில் இறங்கும் நீர் தன் அழுத்தத்தாலேயே மேலே பீறிட்டு, கடுங்குளிர்க் காற்றில் உறைகிறது. பம்பும் மின்சாரமும் வேண்டியதில்லை.

வடிவத்தின் நன்மை என்ன? ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வெப்பம் தேவை. அவ்வெப்பம் மேற்பரப்பு வழியாகவே புகவேண்டும். முதற் கூம்பின் உயரம் 6 மீட்டர். அதில் அடங்கிய நீர் 1,50,000 லிட்டர். அதே பனியை 30 சென்டிமீட்டர் கனத்தில் தரையில் பரப்பினால், மேற்பரப்பு சுமார் 540 சதுர மீட்டர். கூம்பிலோ ஏறத்தாழ 125 சதுர மீட்டர்தான். அக்கூம்பு மே மாத நடுப்பகுதி வரை நின்றதில் வியப்பில்லை.

இனி வயலுக்கு வருவோம். 1,50,000 லிட்டர் என்பது 150 கன மீட்டர். ஒரு பாய்ச்சலுக்கு 50 மில்லிமீட்டர் நீர் என்று கொண்டால், இது முக்கால் ஏக்கருக்கு ஒரே ஒரு பாய்ச்சல்! பத்து லட்சம் லிட்டர் கொள்ளும் பெரிய கூம்பும் ஐந்து ஏக்கருக்கு ஒரு முறைதான் பாயும். வாய்க்காலில் மண் குடிப்பதை இங்கு நாம் கழிக்கவே இல்லை.

இரண்டாவது குறை, விரயம். லடாக்கிலும் சுவிட்சர்லாந்திலும் எழுப்பிய கூம்புகளை அளந்த ஆய்வு ஒன்று 2022இல் வெளியாயிற்று. லடாக் கூம்பின் பனி நான்கு மடங்கு அதிகம். வறட்சியும் குளிரும் அதற்குத் துணை. ஆனால் பீய்ச்சிய நீரில் முக்கால் பங்குக்கு மேல் எல்லா இடங்களிலும் வீணாயிற்று. பெரும்பகுதி உறையாமலே வழிந்தோடியது. குழாய் உறைந்து அடைத்துக்கொண்டால், நடுங்கும் குளிரில் அதைச் சரிசெய்ய ஆள் வேண்டும்.

மூன்றாவது, கூம்பு நீரைப் படைப்பதில்லை. காலத்தை மாற்றித் தருகிறது, அவ்வளவே. மேல் ஊரார் குளிர்காலத்தில் தேக்கும் நீர் கீழ் ஊராரின் ஓடையில் குறையும். யாருக்கு எப்போது நீர் என்பதைத் தீர்மானிக்க லடாக் கிராமங்களில் ‘சுர்பொன்’ என்ற நீர்க் காவலரை வைக்கும் வழக்கம் உண்டு. புதிய தொழில் நுணுக்கம் அவரைக் கலக்காமல் நடக்கலாகாது.

அப்படியானால் கூம்பு வீண்தானா? இல்லை. விதை முளைக்கும் வாரத்தில் கிடைக்கும் ஒரு பாய்ச்சல், குறுகிய பருவமுள்ள நாட்டில் ஓராண்டு விளைச்சலையே காக்கக்கூடும். இளைஞர் ஊரைவிட்டு வேலை தேடிப் போகாதிருக்க அவ்விளைச்சலும் ஒரு காரணமாகலாம். ஆனால் அதற்குரிய மதிப்பை உயரத்தைக் கொண்டும் படத்தின் அழகைக் கொண்டும் தருவது அறிவியல் முறை ஆகாது. எத்தனை லிட்டர், எந்த வாரத்தில், யாருடைய வயலுக்குப் போய்ச் சேர்ந்தது? இம்மூன்றுக்கும் விடை தரும் கூம்பே வெற்றி பெற்ற கூம்பு.