சாட்டை யார் முதுகுக்கு?

ஒரு நத்தை. அதன்மேல் அரசியல் சட்டம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. நத்தையின் முதுகில் அம்பேத்கர், கையில் சாட்டையோடு. அவருக்குப் பின்னால் நேரு; அவர் கையிலும் ஓங்கிய சாட்டை. சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் ஜனக்கூட்டம். கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949 ஆகஸ்டில் வரைந்த இந்தப் படம் 2012 மே மாதம் நாடாளுமன்றத்தையே ஸ்தம்பிக்க வைத்தது. பிரச்சினையை எழுப்பியவர் அரியலூர் மாவட்டம் அங்கனூரில் பிறந்த தொல். திருமாவளவன். அப்போது அவர் சிதம்பரம் தொகுதி எம்.பி. அரியலூர், ஜெயங்கொண்டம், பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம் எல்லாம் அந்தத் தொகுதிக்குள்தான் வருகின்றன.

கார்ட்டூனை ரசிக்கப் பழக விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கடினம். சிலர் இதைப் பார்த்துச் சிரித்தார்கள், சிலர் கொதித்தார்கள். இரண்டு தரப்பும் பார்த்தது ஒரே கோடுகளைத்தான்.

முதலில் செய்ய வேண்டியது, படத்தில் உள்ள எழுத்தைக் கையால் மறைத்துக்கொள்வது. நம் ஊர்க் கண் முதலில் எழுத்துக்குத்தான் போகும். பத்திரிகை ஜோக்குகளைப் படித்தே வளர்ந்த பழக்கம் அது. மேடைப் பேச்சு கேட்டு வளர்ந்த காதுக்கும் அதில் பங்குண்டு. உதாரணத்துக்கு, 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அடுத்த வருஷத் தேர்தலில் தி.மு.க.வினர் ரயில்வே துணை அமைச்சர் ஓ.வி. அழகேசனைக் குறிவைத்து, 'ஆண்டது', 'மாண்டது' என்று எதுகை போட்டு ஒரு கோஷம் கட்டினார்கள். படமே தேவைப்படவில்லை, கோஷம் பட்டிதொட்டியெங்கும் போய்ச் சேர்ந்தது. அப்படிக் காதால் ரசித்தே பழகிய நாம் கார்ட்டூனில் வசனத்தைப் படித்துவிட்டு, படத்தை ஒரு நொடி பார்த்துப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். பாதிச் சரக்கு அங்கேயே தவறிப்போகிறது.

எழுத்தை மறைத்தபின் கைகளைப் பாருங்கள். யார் கையில் என்ன இருக்கிறது, அது எந்தப் பக்கம் போகிறது? சங்கரின் படத்தில் சிக்கலே அங்கேதான். அம்பேத்கரின் சாட்டை நத்தைக்கு. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. நேருவின் சாட்டை? நத்தையைத்தான் விரட்டுகிறார் என்றார்கள் படத்துக்காக வாதாடியவர்கள். ஆனால் நேரு நிற்கும் இடத்தைப் பாருங்கள். அவருக்கு நேர் முன்னால் இருப்பது அம்பேத்கரின் முதுகு. ஓங்கிய சாட்டை அதைத் தாண்டித்தான் நத்தையைத் தொட வேண்டும். ஒரு தலித் தலைவரின் முதுகுக்குப் பின்னால் சாட்டையோடு ஒரு பிராமணத் தலைவர் நிற்பதை, சாட்டையடி என்றால் என்னவென்று பாட்டன் சொல்லக் கேட்டு வளர்ந்த வாசகர் எப்படிப் பார்ப்பார்? அந்தக் கோபமும் படத்தை உற்றுப் பார்த்ததால் வந்ததுதான். சிரித்துவிட்டுப் போனவர்களில் பலர் சாட்டையின் திசையைக் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

அடுத்து தேதி. கார்ட்டூன் செய்தித்தாளைப் போல மறுநாளே பழசாகிவிடும். எந்த வாரத்தில் வந்தது என்று தெரியாவிட்டால் பழைய படங்களில் பாதி புரியாது. 1949 ஆகஸ்டில் அரசியல் சட்ட வேலை முடியும் கட்டத்தில் இருந்தது. நவம்பர் 26 அன்று நிறைவேறியது. எடுத்துக்கொண்ட காலம் மொத்தம் 2 ஆண்டு, 11 மாதம், 17 நாள் என்பார்கள். ஒரு நாள் கூட்டிச் சொல்பவர்களும் உண்டு. அரசியல் நிர்ணய சபைக்கு வந்த திருத்தங்கள் 7,635. முன்மொழியப்பட்டு விவாதத்துக்கு வந்தவை மட்டும் 2,473. வரைவுக்குழுவில் இருந்த ஏழு பேரில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், கடைசியில் சுமையெல்லாம் அம்பேத்கர் தலையில்தான் விழுந்தது என்று 1948 நவம்பரில் அவையிலேயே சொன்னவர் நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. இதைத் தெரிந்துகொண்டு படத்தைப் பார்த்தால் நத்தை ஜோக்கின் சாயம் கொஞ்சம் வெளுக்கிறது. கோடு பிரமாதம், குற்றச்சாட்டு பலவீனம். இரண்டையும் ஒரே படத்தில் கண்டு சொல்லத் தெரிவதும் ரசனைதான். சங்கர் யாரையும் விட்டு வைத்தவர் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தன்னையும் விட்டுவைக்க வேண்டாம் என்று அவரிடம் நேருவே கேட்டுக்கொண்டார் என்பது பிரசித்தம்.

தேதியோடு, படம் எங்கே தொங்குகிறது என்பதும் முக்கியம். 1949ல் அது காசு கொடுத்து வாங்கும் வாரப் பத்திரிகைப் பக்கம். 2006ல் அது என்.சி.இ.ஆர்.டி. பதினோராம் வகுப்புப் பாடநூலுக்குள் வந்துவிட்டது. அரசியல் சட்டம் எழுத ஏன் இவ்வளவு காலம் ஆனது என்று மாணவர்களை யோசிக்கச் சொல்லும் நல்ல கேள்வியோடுதான் அச்சிட்டிருந்தார்கள். ஆனால் வகுப்பறையில் யாரும் தனியாகப் பார்ப்பதில்லை. முப்பது நாற்பது பேர் ஒன்றாகப் பார்க்கிறார்கள். யார் சிரிக்கிறார்கள், யார் தலைகுனிகிறார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஒற்றைப் படத்தைப் பார்த்து முடிவுக்கு வருவதைவிட, தொகுப்பாகப் பார்ப்பது நல்லது. உன்னமதி சியாம சுந்தர் என்ற கார்ட்டூனிஸ்ட் 1932 முதல் 1956 வரை ஆங்கிலப் பத்திரிகைகளில் அம்பேத்கரைப் பற்றி வந்த நூற்றுக்கும் மேற்பட்ட கார்ட்டூன்களைத் தேடித் தொகுத்தார். நவயானா பதிப்பகம் அதை 2019ல் வெளியிட்டது. தனியாகப் பார்க்கும்போது வெறும் குறும்பாகத் தெரிவது, வரிசையாக வைக்கும்போது வேறு முகம் காட்டுகிறது. அம்பேத்கரைச் சின்னப் பையனாகவும் பெண்ணாகவும் ஏன் திரும்பத் திரும்ப வரைந்தார்கள் என்ற கேள்வி பக்கத்துக்குப் பக்கம் கனக்கிறது. ஒரு கார்ட்டூனிஸ்டின் பழக்கம், ஒரு காலத்தின் பழக்கம் எல்லாம் தொகுப்பில்தான் பிடிபடும்.

2012லேயே இன்னொரு படமும் சூடு கிளப்பியது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது ஆர்.கே. லட்சுமண் வரைந்தது, பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் இருந்தது. கல்லும் கையுமாக நிற்கும் மாணவனைக் காட்டி, இவனுக்கு ஆங்கிலமும் படிக்கத் தெரியாது என்ற பொருளில் கேலி செய்யும் படம். மு. கருணாநிதி அதை நீக்கச் சொன்னார். டெல்லியில் இருந்து பார்த்தால், அறியாத பையன் ஒருவன் கலாட்டா செய்கிறான், அவ்வளவுதான். அரியலூரில் இருந்து பார்த்தால்? 1964 ஜனவரி 25 அன்று திருச்சியில் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்குளித்த சின்னசாமியின் ஊர் கீழப்பழுவூர், இதே மாவட்டத்தில் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி வளர்ந்த ஊர்க்காரருக்கு அந்தப் படத்தில் சிரிப்பு வராதது அவருடைய நகைச்சுவை உணர்வின் குறை அல்ல. படத்தில் விடுபட்டுப் போனவர் அவர் நினைவில் நிற்கிறார். எந்தக் கேலிச் சித்திரத்திலும் இதைத் தேட வேண்டும்: வரையாமல் விட்டது யாரை?

கோபம் நியாயமானது என்பதற்காக, படத்தைக் கிழிப்பதும் நியாயமாகிவிடாது. அரசு மன்னிப்புக் கேட்டு நத்தைப் படத்தைத் திரும்பப் பெற்றது; பாடநூல் ஆலோசகர்கள் யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷிகரும் விலகினார்கள்; புனேயில் பல்ஷிகரின் அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். பாடநூல்களை மறுஆய்வு செய்ய அமைத்த தோரட் குழு கார்ட்டூன்கள் பலவற்றை நீக்கச் சொன்னபோது, அந்தக் குழுவிலேயே மாறுபட்டுத் தனிக் குறிப்பு எழுதியவர் தமிழ் ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன். திராவிட இயக்கத்தையும் சாதியையும் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர். படத்தை எடுத்துவிட்டால் அதைப் பற்றிய சண்டையும் பாடமாகாமல் போய்விடும். இந்த விஷயத்தில் பாண்டியன் பக்கம் நிற்கத்தான் தோன்றுகிறது.

எல்லாக் கோபத்தையும் ஒரே தட்டில் வைக்கவும் கூடாது. 1987ல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக்: மேடையில் இருவர், பிக்பாக்கெட் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்கிறார் கீழே ஒருவர். அதற்காகச் சட்டமன்றம் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே விடுவித்தார்கள். பின்னர் உயர் நீதிமன்றம் அவருக்கு இழப்பீடாகத் தரச்சொன்னது ஆயிரம் ரூபாய். 2025 பிப்ரவரியில், டிரம்ப் பக்கத்தில் கைகால் விலங்கோடு மோடி அமர்ந்திருக்கும் கார்ட்டூனுக்காக விகடன் இணையதளமே முடங்கியது. அந்த வாரங்களில் அமெரிக்காவில் இருந்து இந்தியர்களை விலங்கிட்டு அனுப்பிய செய்தி தெரிந்தவருக்குத்தான் விலங்கு புரியும். பத்து வருஷம் கழித்துப் பார்ப்பவருக்கு அடிக்குறிப்பு வேண்டும். இந்த இரண்டிலும் கோபப்பட்டவர் கையில் சிறைச்சாவியோ தடையுத்தரவோ இருந்தது. படத்துக்குள் மட்டுமல்ல, வெளியேயும் யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் கோபத்தின் தரம் தெரியும்.

பழகிப் பார்க்க, பெரம்பலூர் – அரியலூர் வாசகர்களுக்கு வீட்டுப்பாடம் கைவசமே இருக்கிறது. 1995ல் திருச்சியில் இருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002ல் மறுபடி ஒட்டினார்கள். 2007 நவம்பர் 23ல் மறுபடி வெட்டினார்கள். நான்கு கட்டத்தில் முடிந்துவிடும் கார்ட்டூன். ஒவ்வொரு கட்டத்திலும் கத்தரிக்கோலை யார் கையில் கொடுப்பீர்கள், பசையை யார் கையில்? கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு வந்தவரை எங்கே நிறுத்துவீர்கள்? கிறுக்கலாக இருந்தாலும் பரவாயில்லை, வரைந்து பாருங்கள். வசனத்தை மறைத்துவிட்டு முதலில் ஒரு பெரம்பலூர்க்காரரிடமும் அப்புறம் ஒரு அரியலூர்க்காரரிடமும் காட்டுங்கள். இருவரும் எந்தக் கட்டத்தில் சிரிக்கிறார்கள், எந்தக் கட்டத்தில் முகம் சுளிக்கிறார்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தேதி போட மறக்காதீர்கள்.