கள்ளாமையும் ரசிகர் விளையாட்டும்

கணினி விளையாட்டெல்லாம் ஆராய்ச்சிக்குரிய பொருளா என்று மலர்க்குழுவில் ஒருவர் கேட்டார். கள்ளாமை ஆராய்ச்சிக்குரியது என்றால் இதுவும் உரியதே. ஒருவர் உருவாக்கிய விளையாட்டை எடுத்து, அதன்மேல் தம் கைவேலையைக் காட்டி ரசிகர்கள் வெளியிடும் வழக்கம் உலகெங்கும் பெருகிவிட்டது. நம் ஹேடோப் பிள்ளைகளும் செய்கிறார்கள். இது கலையா, களவா?

கிட்ட இருப்பதை முதலில் பார்ப்போம். இந்தோனேசியாவின் மாலியோ நிறுவனம் 2017-இல் 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' என்ற விளையாட்டை வெளியிட்டது. (நிக்கோபாரின் தென்முனையில் நின்றால் சென்னையைவிட அந்த நாடுதான் பக்கம்.) அங்கும் நம்மைப்போல இடப்பக்கமே வண்டி ஓட்டுவதால் நம்மவர்க்குத் தோதாகப் போயிற்று. தமிழ்நாட்டு, கேரள ரசிகர்கள் நம்மூர் அரசு விரைவுப் பேருந்துகளையும் தனியார் பேருந்துகளையும் அப்படியே வரைந்து அதில் ஏற்றினார்கள். 'மோட்' என்பது அதன் பெயர். மூன்று நாள் கப்பலேறிப் போய்ப் பார்க்க வேண்டிய பேருந்தை, ஹேடோவிலேயே பிறந்த பிள்ளை செல்பேசியில் ஓட்டுகிறான். ஹாரன் சத்தம்கூட அச்சு அசல்! குறை என்னவென்றால், பலகையில் மதுரை, சாலையோ ஜாவா. தோல் மாறியது, ஊர் மாறவில்லை. படைப்பு என்பதைவிடப் பூச்சுவேலை என்பதே பொருந்தும். ஆனாலும் அந்தப் பூச்சில் ஓர் ஏக்கம் இருக்கிறது. அதை நான் லேசாக எண்ணவில்லை.

"நாங்க காசு வாங்கலையே" என்பதே பையன்கள் சொல்லும் முதல் சமாதானம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பின் வகையில் சேர்க்கிறது. அதைத் தழுவி இன்னொன்று செய்யும் உரிமை உடையவருக்கே உண்டு. மீறினால் 63-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை. அபராதம் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை. வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால், தகுந்த காரணம் காட்டி நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். கவனியுங்கள், தண்டனைதான் குறைகிறது, குற்றம் போய்விடவில்லை. மாலியோ விஷயத்தில் அந்தச் சிக்கல் இல்லை. வண்டியை மாற்றிக்கொள்ளும் வசதியை அவர்களே விளையாட்டில் வைத்துக் கொடுத்தார்கள். ஆனால் மாலியோவின் அனுமதி மாலியோவின் சரக்குக்கு மட்டும்தான். வண்டியின் பக்கவாட்டில் தீட்டிய தனியார் பேருந்துக் கம்பெனியின் பெயருக்கும் சின்னத்துக்கும் யாரைக் கேட்டார்கள்?

வெளிநாட்டு வழக்கு ஒன்று. நிண்டெண்டோவின் 'மெட்ராய்டு 2' 1991-இல் வந்தது. அர்ஜென்டினாவின் மில்டன் குவாஸ்டி என்ற ரசிகர் பல்லாண்டு உழைத்து அதைப் புதுப்பித்து, 2016 ஆகஸ்டில் இலவசமாக வெளியிட்டார். சில நாட்களுக்குள் நிண்டெண்டோ நோட்டீஸ் விட்டு இறக்கச் செய்தது. அடுத்த ஆண்டே தன் சொந்தப் புதுப்பிப்பைக் கடைக்குக் கொண்டுவந்தது. மாறாக, நெட் சென்டர் காலத்துப் பையன்கள் விடிய விடிய ஆடிய 'கவுண்டர் ஸ்டிரைக்' 1999-இல் 'ஹாஃப் லைஃப்' விளையாட்டின்மேல் ரசிகர்கள் கட்டியதுதான். உடையவரான வால்வ் நிறுவனம் விரட்டவில்லை. அதை வாங்கி, செய்தவர்களை வேலைக்கும் வைத்துக்கொண்டது.

எங்கள் சமண மரபில் கள்ளாமை இல்லறத்தாரின் அணுவிரதங்களுள் ஒன்று. அதற்கு வரும் குற்றங்கள் ஐந்து என்று தத்துவார்த்த சூத்திரம் எண்ணுகிறது: திருடத் தூண்டுவது, திருட்டுப் பொருளை வாங்குவது, அரசின் சட்டத்தை மீறுவது, நிறையளவில் ஏமாற்றுவது, போலியை அசலாகக் காட்டுவது. கடைக்காரர்களுக்கு நான்காவது உடனே உறைக்கும். இங்கே வேலை செய்பவை மற்றவை. குவாஸ்டி தம் விளையாட்டின் பெயரிலேயே 'இன்னொரு' என்ற சொல்லை வைத்தார். ஆகவே ஐந்தாவது குற்றம் அவர்மேல் இல்லை. மூன்றாவது உண்டு. இரண்டாவதை மறந்துவிடுகிறோம்: செய்தவன் மட்டுமல்ல, இறக்கி ஆடுகிறவனும் கணக்கில் வருகிறான். மோட் செய்கிறவர்களுக்குள்ளேயே, "என் மோடை எடுத்து அவன் பேர் போட்டுட்டான்" என்று ஓயாத சண்டை. கோப்புக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டுகிறார்கள். உடைமை என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

அப்படியானால் பிறர் படைப்பைத் தொடவே கூடாதா? நீலகேசியைப் பாருங்கள். எங்கள் சமய நூல் என்பதற்காகச் சொல்லவில்லை. குண்டலகேசி என்ற பௌத்த காப்பியத்துக்கு மறுப்பாக எழுந்தது அது. அந்தக் காப்பியத்தின் நாயகியையே தன் கதைக்குள் இழுத்து வந்து வாதில் தோற்கடிக்கிறது. மறைத்து எடுக்கவில்லை, பெயர் சொல்லி எடுத்து, தன் சொல்லால் பதில் சொன்னது. குண்டலகேசி இன்று முழுதாக இல்லை. அதன் பாடல் முதற்குறிப்புகள் பல, சமய திவாகர வாமன முனிவர் நீலகேசிக்கு எழுதிய உரையில்தான் கிடைக்கின்றன. 1936-இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் அதைப் பதிப்பித்திராவிட்டால் அந்தத் தடயமும் நம் கைக்கு எளிதில் வந்திராது.

பழங்காலத்தில் பதிப்புரிமை ஏது என்று கேட்பீர்கள். நம் காலத்திலும் இதற்கு இடமுண்டு. தோப்பில் பாசியின் புகழ்பெற்ற நாடகத்தை மறுத்து, அதன் பாத்திரங்களையும் வசனங்களையும் எடுத்தாண்டு, சிவிக் சந்திரன் மலையாளத்தில் ஓர் எதிர்நாடகம் எழுதினார். விமர்சன நோக்கம் உடையது, மூலத்துக்குப் போட்டிச் சரக்கு அல்ல என்று கண்டு, 1996-இல் கேரள உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது.

பேருந்து மோடுக்கு இந்த நிழல் கிடைக்காது. அது எதையும் விமர்சிக்கவில்லை, எதற்கும் பதில் சொல்லவில்லை. அனுமதி இருக்கிற அளவுக்குத்தான் அது ஓடலாம். ஆனால் கருத்துக்கு உரிமையாளர் இல்லை என்று 1978-இலேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. பேருந்து ஓட்டும் விளையாட்டு என்ற எண்ணம் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. கோடோ போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஹேடோ துறைமுகத்திலிருந்து அபர்தீன் பஜார் வரை உள்ள மேடு பள்ளங்களை வரைய எவர் கையெழுத்தும் வேண்டாம். பையன்கள் ஜாவாச் சாலையை விட்டு இதில் இறங்கினால், ஹாரன் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ளத் தம் வண்டியைத் தருவதாக நம் சங்கத்தில் இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள்.