யாருக்கு எத்தனை அத்தியாயம்

ஒரே கதையைப் பலர் சொல்கிறார்கள் என்றதும் நாம் உடனே ‘ராஷமோன்’ என்று சொல்லிவிடுகிறோம். ‘அந்த நாள்’, ‘விருமாண்டி’ என்று சினிமா பழக்கிவிட்ட பெயர் அது. குரோசவாவின் 1950ஆம் ஆண்டுப் படத்துக்குக் கதை தந்தது அகுதாகவா 1922இல் எழுதிய ‘தோப்பினுள்’. ஏழு வாக்குமூலங்கள். தான்தான் கொன்றேன் என்கிறான் கொள்ளைக்காரன். நான் குத்தினேன் என்கிறாள் மனைவி. தானே குத்திக்கொண்டதாகச் செத்தவனின் ஆவி சொல்கிறது. உண்மையில் நடந்தது என்ன என்பதே அங்கே கேள்வி.

அதே கேள்வியோடு வில்லியம் ஃபாக்னரின் ‘ஆஸ் ஐ லே டையிங்’ (1930) நாவலைத் திறந்தால் ஏமாந்துபோவோம். நடந்ததைப் பற்றி அதில் பெரிய தகராறு இல்லை. மிசிசிப்பியின் ஏழை விவசாயி மனைவி ஆடி பண்ட்ரன் சாகிறாள். தன் பிறந்த வீட்டு மனிதர்கள் கிடக்கும் ஜெஃபர்சனிலேயே தன்னையும் புதைக்க வேண்டும் என்று கணவன் ஆன்ஸிடம் முன்பே வாக்கு வாங்கியிருக்கிறாள். வெள்ளத்தில் பாலங்கள் போய்விட்டன. பெட்டி நாற, மேலே கழுகுகள் வட்டமிட, கோவேறு கழுதை வண்டியில் குடும்பம் நாட்கணக்கில் போகிறது. அவ்வளவுதான் கதை. அதை 15 பேர் 59 பகுதிகளில் சொல்கிறார்கள்.

பென்சிலை வைத்துக்கொண்டு யாருக்கு எத்தனை என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். பாத்திர வார்ப்பின் பெரும்பகுதி அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. இரண்டாம் மகன் டார்லுக்கு 19. கடைக்குட்டி வர்டமனுக்கு 10. தச்சன் காஷுக்கு 5. ஜுவலுக்கு ஒன்றே ஒன்று. ஆற்றோடு போக இருந்த பெட்டியைக் காப்பாற்றுவதும், எரியும் கொட்டகையிலிருந்து அதைத் தள்ளி வெளியேற்றுவதும் ஜுவல்தான். கதையில் ஆக அதிகம் செயல்படுகிறவன் ஆகக் குறைவாகப் பேசுகிறான். அவனுக்குக் கிடைத்த ஒரே பகுதியில்கூடத் தாயும் தானும் மட்டும் ஒரு குன்றின் மேல் இருந்து, வருகிறவர்கள் மீதெல்லாம் கல்லை உருட்டிவிட வேண்டும் என்ற வெறிதான் வெளிப்படுகிறது. மற்றபடி நாம் பார்க்கும் ஜுவல், டார்ல் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஜுவல். அந்தப் பார்வையில் பொறாமை எவ்வளவு, பாசம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

டார்லுக்கோ தான் இல்லாத இடமும் தெரிகிறது. மூன்று டாலர் கூலிக்கு மரம் ஏற்றிவரப் போனவன், தொலைவில் இருந்தபடியே தாயின் சாவை விவரிக்கிறான். தங்கை டூயி டெல் கர்ப்பமாக இருப்பது யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரியும். அவள் அவனை வெறுப்பதற்கும் காரணம் அதுதான். காஷ் வேறு மாதிரி: பெட்டியின் விளிம்பைச் சாய்த்து இழைத்ததற்கு 13 காரணங்களை எண்ணிட்டுப் பட்டியல் போடுகிறான். துக்கத்தை அவனால் அப்படித்தான் அடக்கிவைக்க முடிகிறது. செத்தவளுக்கு ஒரே ஒரு முறை வாய்ப்பு, அதுவும் செத்த பின்பு, வண்டி பாதி வழியில் இருக்கும்போது. சொற்கள் எதற்கும் உதவாது என்பதுதான் அவள் கட்சி.

படிக்காத கிராமத்துச் சிறுவன் இப்படியா யோசிப்பான் என்பது ஃபாக்னர் மீது பழைய புகார். கொட்டகை இருட்டில் ஜுவலின் குதிரை தன் பாகங்களாகக் கரைவதை வர்டமன் விவரிக்கும் மொழி அவன் வயதுக்குரியதல்ல என்பது வாஸ்தவம்தான். வட்டார வழக்கின் துல்லியத்துக்கு மதிப்பெண் போட்டுப் பழகிய நமக்கு இது உறுத்தும். ஆனால் மற்றவர்களிடம் வாய் திறக்கும்போது இவர்கள் எல்லோரும் அந்த மண்ணின் பேச்சைத்தான் பேசுகிறார்கள். சொல் கிடைக்காத மனத்துக்கு ஆசிரியர் தன் சொல்லைக் கடன் கொடுக்கிறார். எல்லா இடத்திலும் இது பலிக்கிறது என்று சொல்ல மாட்டேன். டார்லிடம் சில இடங்களில் ஃபாக்னரே பேசுகிறார்.

1931இல் வந்த வர்ஜீனியா வுல்ஃபின் ‘தி வேவ்ஸ்’ இதற்கு எதிர்முனை. ஆறு பேர் பேசுகிறார்கள், ஆறு பேருக்கும் ஏறத்தாழ ஒரே நடை. நண்பர்கள் எல்லோரும் கொண்டாடும் பெர்சிவல் இந்தியாவில் குதிரையிலிருந்து விழுந்து சாகிறான். அவனுக்கு ஒரு வார்த்தைகூட இல்லை. ஃபாக்னரின் முந்தைய நாவலான ‘த சவுண்ட் அண்ட் த ஃப்யூரி’யிலும் (1929) மூன்று சகோதரர்கள் பேசுகிறார்கள், நான்காம் பகுதியை ஆசிரியர் சொல்கிறார், எல்லோரும் சுற்றிச் சுற்றி வரும் சகோதரி கேடிக்கு ஒரு பகுதியும் இல்லை. நாவலின் மையத்தில் இருப்பவரை ஊமையாக வைப்பது அந்த ஆண்டுகளின் கண்டுபிடிப்பு என்றே தோன்றுகிறது. பின்னால் வந்தவர்களில் கிரஹாம் ஸ்விஃப்டின் ‘லாஸ்ட் ஆர்டர்ஸ்’ (1996) ஃபாக்னரின் அச்சை அப்படியே எடுத்துக்கொண்டு புக்கர் பரிசு பெற்றது, கூடவே சர்ச்சையும். பாமுக் ‘என் பெயர் சிவப்பு’ நாவலில் பிணத்தையும் நாயையும் நாணயத்தையும் பேசவிட்டார். படிக்க உற்சாகமாக இருக்கிறது, நெஞ்சில் அவ்வளவாகத் தைக்கவில்லை.

டார்லின் 19ஆவது பகுதிக்கு வருவோம். கொட்டகைக்குத் தீ வைத்ததற்காக அவனை ஜாக்சன் மனநல விடுதிக்கு ரயிலில் கொண்டுபோகிறார்கள். எல்லோரையும் துளைத்துப் பார்த்தவன், தன்னையே ‘அவன்’ என்று சொல்லத் தொடங்குகிறான். நாவலை முடிக்கும் பொறுப்பு காஷிடம் போகிறது. வெறும் மூன்று பகுதிகளே பேசிய ஆன்ஸ், ஜெஃபர்சனில் புதுப் பல்செட்டோடும் புது மனைவியோடும் வந்து நிற்கிறான். கடைசி வரியில் அவளைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்துவைப்பதும் அவன்தான்.