பெட்டியில் இல்லாத நிறங்கள்

சிறுவர் ஓவிய வகுப்பில் நிறக் கோட்பாடு என்றாலே வண்ணச் சக்கரம்தான். பிள்ளைகள் வட்டம் போட்டு ஆறாகப் பிரித்து, முதன்மை நிறங்களையும் இரண்டாம் நிலை நிறங்களையும் தீட்டி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். மூங்கில்துறைப்பட்டின் தென்பெண்ணை மணலை வரையச் சொன்னால், அந்த நிறம் பெட்டியில் இல்லையே என்று திகைக்கிறார்கள்.

பழுப்பு, சாம்பல், காவி போன்ற நடுநிலை நிறங்களைக் கலந்து தீட்டக் கற்பிக்கும் முறை இங்கேதான் கைகொடுக்கிறது. அந்த ஊரின் நிறங்களே அப்படிப்பட்டவை. கரும்புச் சோகையின் வெளிறிய மஞ்சள், சர்க்கரை ஆலைச் சக்கையின் மங்கல், தொலைவில் கல்வராயன் மலையின் நீலம் தோய்ந்த சாம்பல், 2024 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றில் புரண்டுவந்த செம்பழுப்பு. பச்சையில் ஒரு துளி சிவப்பைக் கலந்தால் பச்சை அடங்கும். இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பழுப்பாகும், வெள்ளை கூட்டினால் மணலாகும். எதிர் நிறங்கள் ஒன்றையொன்று தணிக்கும் என்பதைச் சக்கரத்தைப் பார்த்து மனப்பாடம் செய்த பிள்ளை, இப்போது தூரிகை முனையில் அதைக் காண்கிறது.

இன்னொரு பயன் எனக்கு இதைவிடப் பெரிது. அமெரிக்காவின் கிரேயான் நிறுவனமான கிரேயோலா 'ஃப்ளெஷ்' (சதை) என்ற நிறப்பெயரை 1962-லேயே 'பீச்' என்று மாற்றிவிட்டது. நம் பிள்ளைகளோ அந்த வெளிர் ரோஜாக் குச்சியை இன்னும் 'ஸ்கின் கலர்' என்றே கேட்கிறார்கள், அம்மாவின் முகத்துக்கும் அதையே தீட்டுகிறார்கள். பழுப்பைக் கலக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்தக் குச்சி தேவைப்படாது.

குறைகளும் சிறியவை அல்ல. மெழுகுக் கிரேயான் ஒன்றோடொன்று சரியாகக் கலப்பதில்லை, மேலே வழுக்கிப் போகும். மலிவான போஸ்டர் வண்ணத்தில் சிவப்பையும் நீலத்தையும் கலந்தால் ஊதாவுக்குப் பதில் சேற்று நிறம்தான் பெரும்பாலும் வரும். பிள்ளை தான் தவறு செய்ததாக நினைத்துக்கொள்ளும். உண்மையில் அந்தச் சிவப்பிலேயே மஞ்சள் சாயல் ஒளிந்திருக்கிறது. அச்சகத்தில் சயான், மெஜந்தா, மஞ்சள் என்று வேறு மூன்றை வைத்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க முறையாகப் படித்த ஓவிய ஆசிரியர் வேண்டும். அரசுப் பள்ளிகள் பலவற்றில் அந்தப் பொறுப்பு 2012-ல் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்களிடம் இருக்கிறது. அவர்களுக்குக் கிடைக்கும் சொற்ப நேரத்தில் கலவைப் பயிற்சிக்கு எங்கே இடம்?

இம்முறையின் பெரிய பிழை வேறு. ஆர்வலர்கள் சிலர் பளிச்சென்ற நிறங்களையே ஒதுக்கிவிட்டு, மங்கலை மட்டும் கையில் கொடுக்கிறார்கள். சாம்பலின் குணம் பக்கத்தில் இருக்கும் நிறத்தால்தான் புலப்படும். சிவப்பின் அருகே அது பச்சைச் சாயல் கொள்ளும் என்பதைப் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1839-லேயே விளக்கிவிட்டார். சிவப்பை எடுத்துவிட்டால் சாம்பல் வெறும் சாம்பல்தான். ஐந்து வயதுப் பிள்ளையின் கையிலிருந்து மஞ்சளைப் பிடுங்குவது பாடமே அல்ல.

செலவு ஒரு தடையல்ல. விழுப்புரம் மாவட்டம் கீழ்வாலைப் பாறைகளில் தொல்குடிகள் தீட்டிய உருவங்கள் செங்காவியில் அமைந்தவை. அதுபோலவே சலித்த செம்மண், அரைத்த கரி, கோலமாவு, கருவேலம் பிசின் இருந்தால் பள்ளி முற்றத்திலேயே நடுநிலை நிறங்கள் தயார். சுண்ணாம்பு மட்டும் வேண்டாம், பிஞ்சுக் கையைப் புண்ணாக்கிவிடும்.

என் முடிவு இது: சிறு வகுப்புகளில் பிள்ளைகள் பளிச்சென்ற நிறங்களில் விளையாடட்டும். நான்காம் வகுப்பிலிருந்து கலவையைத் தொடங்குங்கள், சக்கரத்தைப் பிறகு காட்டுங்கள். ஆசிரியர்களே, எதிர் நிறத்தைக் கலந்தே நிறத்தை அடக்கப் பிள்ளைகள் பழகும்வரை கறுப்பு டியூபை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிடுங்கள்.