ஊருக்கே ஊற்றும் மருந்து

நோயில்லாத குழந்தைக்கு ஆன்டிபயாடிக் கொடுக்காதே என்பது குழந்தை மருத்துவத்தின் பாலபாடம். 2018 ஏப்ரலில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்த மோர்டோர் ஆய்வு இந்தப் பாடத்தை ஊர் ஊராகச் சென்று மீறியது. மீறியதால் குழந்தைகள் பிழைத்தார்கள் என்றும் காட்டியது. பொதுச் சுகாதாரத் துறையில் இத்தனை சங்கடமான நல்ல செய்தி அரிது.

நைஜர், மலாவி, தான்சானியா ஆகிய மூன்று நாடுகளில் 1,533 ஊர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி ஊர்களில் ஒரு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருந்த எல்லாக் குழந்தைகளுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு வேளை அசித்ரோமைசின் என்னும் ஆன்டிபயாடிக் கரைசல். மறு பாதியில் அதே சுவையுள்ள வெற்றுமருந்து. கணக்கில் வந்த குழந்தைகள் சுமார் 1,90,000 பேர். காய்ச்சல் இருக்கிறதா, சளி இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. கேட்ஸ் அறக்கட்டளை பணம் தந்தது. ஃபைசர் நிறுவனம் மருந்து தந்தது. சான் பிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் கண் மருத்துவ ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தினார்கள்.

கண் மருத்துவர்களுக்கு இதில் என்ன வேலை? கண்ணைக் குருடாக்கும் டிரகோமா நோயை ஒழிக்க ஆப்பிரிக்க ஊர்களில் அசித்ரோமைசினை மொத்தமாக வழங்குவது அதற்கு முன்பே நடைமுறையில் இருந்தது. எத்தியோப்பியாவில் அப்படி வழங்கப்பட்ட ஊர்களில் குழந்தை இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2009இல் ஒரு ஆய்வு சொன்னது. கண்ணுக்காகக் கொடுத்த மருந்து உயிரையும் காக்கிறதா என்ற கேள்வி அங்கிருந்துதான் கிளம்பியது. மோர்டோர் அதற்குப் பெரிய அளவில் விடை தேடியது.

விடை, மூன்று நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால், 13.5 சதவீதம் குறைவான இறப்பு. பத்திரிகைகள் இந்த எண்ணைத்தான் தூக்கிப் பிடித்தன. என் பார்வையில் இந்தச் சராசரிதான் ஆய்விலேயே ஆகக் குறைந்த பயனுள்ள எண்.

நாடு நாடாகப் பிரித்தால் படம் மாறிவிடுகிறது. நைஜரில் வெற்றுமருந்து ஊர்களில் ஆயிரம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 27.5 இறப்பு, மருந்து ஊர்களில் 22.5. மலாவியில் 9.6க்கு 9.1. தான்சானியாவில் 5.5க்கு 5.4. நைஜரின் 18 சதவீதக் குறைவு தற்செயலாக வந்திருக்க வாய்ப்பில்லாத அளவு வலுவானது. மற்ற இரண்டு நாடுகளின் எண்களைத் தனியே எடுத்தால் மருந்து வேலை செய்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. சதவீதத்தை விட்டுவிட்டு ஆட்களை எண்ணிப் பாருங்கள். நைஜரில் ஓர் உயிரைக் காக்க இருநூறு குழந்தைகளுக்கு ஓராண்டு மருந்து தர வேண்டும், அதாவது நானூறு வேளை. தான்சானியாவின் அந்தச் சின்ன வித்தியாசம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் பத்தாயிரம் குழந்தைகளுக்குத் தர வேண்டும். ஒரே மருந்து, ஒரே அளவு. ஓரிடத்தில் மருத்துவம், இன்னோரிடத்தில் வீண்செலவு.

மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. இறந்த குழந்தைகளின் வீட்டாரிடம் விசாரித்து மரணக் காரணத்தை ஊகித்தபோது, மலேரியா, நிமோனியா, சீதபேதி, மூளைக்காய்ச்சல் என்று பலவற்றிலும் குறைவு தெரிந்தது. பரவலாக எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைகிறது என்றால், இந்த மருந்து ஒரு குறிப்பிட்ட நோயை அடக்கவில்லை. மருத்துவமனை எட்டாத ஊரில், ஏதோ ஒரு தொற்று முற்றும் முன் இடையில் புகுந்து தடுக்கிறது. பிள்ளைகளின் உயரமும் எடையும் இதனால் குறிப்பிடும்படி கூடவில்லை. ஆகவே இது சோற்றுக்கு மாற்று அல்ல. பசியால் மெலிந்த உடம்பில் தொற்று எளிதாகக் கொல்லும். மருந்து அந்தக் கடைசிக் கண்ணியை மட்டும் அறுக்கிறது, மெலிவு அப்படியே இருக்கிறது.

இதே மருந்தை வேறு விதமாகக் கொடுத்துத் தோற்ற ஆய்வுகளையும் தராசில் வைக்க வேண்டும். அவற்றை ஆதரவாளர்கள் மெல்லிய குரலில்தான் சொல்கிறார்கள். புர்கினா ஃபாசோவிலும் மாலியிலும் மழைக்கால மலேரியாத் தடுப்பு மருந்தோடு அசித்ரோமைசினைச் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2019இல் வந்தது: இறப்பும் குறையவில்லை, மருத்துவமனைச் சேர்க்கையும் குறையவில்லை. இந்தியா உட்பட ஏழு நாடுகளில் வயிற்றுப்போக்கு கண்ட எட்டாயிரத்துக்கு மேற்பட்ட சிறு குழந்தைகளுக்கு மூன்று நாள் கொடுத்துப் பார்த்தார்கள். 2021இல் வந்த முடிவில் இறப்பில் நம்பத்தக்க வித்தியாசம் இல்லை. புர்கினா ஃபாசோவில் பிறந்த சில வாரங்களே ஆன சிசுக்களுக்குக் கொடுத்த ஆய்விலும் பலன் இல்லை. ஏற்கெனவே வேறொரு பாதுகாப்பு இருந்தாலோ, ஆய்வு நடக்கும் இடத்தில் மருத்துவ வசதி ஓரளவு கிடைத்தாலோ இந்த மருந்தின் மகிமை மங்கிவிடுகிறது என்றுதான் இவற்றைச் சேர்த்து வாசிக்கத் தோன்றுகிறது.

இனி மருந்தெதிர்ப்பு. மோர்டோர் குழுவினரைப் பாராட்ட வேண்டிய இடம் இது. தங்கள் மருந்தின் தீங்கைத் தாங்களே அளந்து அதே இதழில் வெளியிட்டார்கள். நைஜரில் முப்பது ஊர்களில் இரண்டாண்டு முடிவில், குழந்தைகளின் மூக்கு-தொண்டையில் தங்கும் நிமோகாக்கஸ் கிருமியில் அசித்ரோமைசின் வகைக்கு அடங்காதது மருந்து ஊர்களில் 12.3 சதவீதம், வெற்றுமருந்து ஊர்களில் 2.9. குடலில் எதிர்ப்பு மரபணுக்கள் 68 சதவீதத்துக்கு 47. மூன்று, நான்கு ஆண்டுகள் தொடர்ந்தபோது குடலிலுள்ள அந்த மரபணுக்களின் அளவு ஏழு மடங்கைத் தாண்டியது.

ஆதரவாளர்களின் பதில் கெட்டிக்காரத்தனமானது. எளிதில் ஒதுக்க முடியாதது. மருந்தெதிர்ப்பு குழந்தைகளைக் கொன்றிருந்தால் அந்தச் சாவும் எங்கள் கணக்கில்தானே விழுந்திருக்கும் என்கிறார்கள். ஊரில் நடந்த எல்லா இறப்பையும் எண்ணினோம், காரணம் பார்த்துக் கழிக்கவில்லை. மூன்றாம் ஆண்டிலும் பலன் தேயவில்லை. எதிர்ப்பின் விலையைக் கழித்த பிறகு மிஞ்சியதுதான் அந்த 18 சதவீதம். ஆய்வுக்காலத்துக்குள், ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குள் இது சரியான வாதம். அந்த வேலிக்கு வெளியே இருப்பவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை: ஆறு வயதுப் பிள்ளை, பிள்ளைத்தாய்ச்சி, பாட்டி, திட்டம் நின்ற பத்தாண்டுக்குப் பின் பிறக்கும் குழந்தை. கிருமிக்கு வயது வரம்பு கிடையாது.

நைஜரின் சுகாதார நிலையங்களில் குழந்தை நிமோனியாவுக்கு முதல் மருந்து அசித்ரோமைசின் இல்லையே, அதற்கு எதிர்ப்பு வந்தால் என்ன இழப்பு என்றும் கேட்கிறார்கள். இங்கேதான் விவாதம் தடம் மாறிப் போகிறது என்று நினைக்கிறேன். எல்லாரும் அசித்ரோமைசின் வகைக்கான எதிர்ப்பையே பேசுகிறார்கள். நான்காண்டு அளவீட்டில் இன்னொரு எண்ணும் இருந்தது. மூன்றாம் ஆண்டு முடிவில், பென்சிலின் குடும்பத்துக்கான எதிர்ப்பு மரபணுக்களும் மருந்து ஊர்களில் இரு மடங்காகியிருந்தன. கொடுத்தது ஒரு குடும்பத்து மருந்து. வளர்ந்தது இன்னொரு குடும்பத்துக்கும் எதிர்ப்பு. இந்த மரபணுக்கள் ஒரே துண்டில் ஒட்டிக்கொண்டு கிருமிக்குக் கிருமி தாவக்கூடியவை என்பதால் இது வியப்புக்குரியதும் அல்ல.

அந்தப் பென்சிலின் குடும்பத்தில்தான் அமாக்சிசிலின் இருக்கிறது. ஏழை நாட்டின் குழந்தை மருத்துவம் பெருமளவு அந்த ஒரு மருந்தின் மேல் நிற்கிறது. நிமோனியாவுக்கு அதுதான். கடும் ஊட்டச்சத்துக் குறைபாட்டால் எலும்பும் தோலுமான குழந்தைக்கும் அதுதான். இந்த இரண்டாவது பயன் எவ்வளவு பெரியது என்பதை 2013இல் மலாவியிலிருந்து வந்த ஆய்வு காட்டியது. 2,767 குழந்தைகள், எல்லாருக்கும் வேர்க்கடலை கலந்த ஊட்டப்பசை. அதோடு அமாக்சிசிலின் பெற்றவர்களில் 4.8 சதவீதம் பேர் இறந்தார்கள். வெற்றுமருந்து பெற்றவர்களில் 7.4 சதவீதம். நூற்றுக்கு இரண்டு மூன்று உயிர். நைஜரின் ஊர்மருந்துக் கணக்கில் இருநூறுக்கு ஓர் உயிர் என்று பார்த்தோம். நோய் கண்ட, மெலிந்த குழந்தையைத் தேடிக் கொடுக்கும்போது ஓர் ஆன்டிபயாடிக்குக்கு எத்தனை மடங்கு மதிப்பு!

ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். நைஜரின் மதரூன்ஃபாவில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் ஆய்வுப் பிரிவு சுமார் 2,400 குழந்தைகளிடம் இதையே திரும்பச் செய்து 2016இல் வெளியிட்டபோது, அமாக்சிசிலினால் குணமாகும் விகிதம் குறிப்பிடும்படி கூடவில்லை. ஆனால் நிலை மோசமாகி மருத்துவமனையில் சேர்க்க வேண்டியவர்கள் குறைந்தார்கள். இரண்டு ஆய்வுகளும் மோதுகின்றன என்பார் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மதரூன்ஃபாவில் கவனிப்பு நெருக்கமானது, தேவைப்பட்டால் சேர்க்கப் படுக்கை இருந்தது. கவனிப்பு நன்றாக இருக்கும் இடத்தில் மருந்தின் பங்கு சுருங்குகிறது. மோர்டோரின் நைஜருக்கும் தான்சானியாவுக்கும் இடையில் பார்த்த அதே வித்தியாசம்தான்.

ஆக, தராசின் ஒரு தட்டில் நைஜர் ஊர்களில் ஆயிரத்துக்கு ஐந்து உயிர். மறு தட்டில் அமாக்சிசிலினின் ஆயுள். முதல் தட்டை எண்ணியாகிவிட்டது. குடலில் மரபணு இருப்பதும் மருந்து கைவிடுவதும் ஒன்றல்ல என்பதால் இரண்டாம் தட்டின் எடை ஊகத்தில் நிற்கிறது. அந்த ஊகத்தைக் காட்டி, இன்று கண்ணெதிரே சாகும் குழந்தையைச் சாக விடு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நகரத்தில் சளி பிடித்தாலே மருந்துக்கடையில் மூன்று மாத்திரை அட்டையை வாங்கி விழுங்கும் நமக்கு அதற்குத் தகுதியும் இல்லை. 2019இல் இந்தியத் தனியார் சந்தையில் மிக அதிகமாக விற்ற ஆன்டிபயாடிக் அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரைதான்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் நடுவழி ஒன்றைப் பரிந்துரைத்தது. எல்லா இடத்திலும் வேண்டாம். சஹாராவுக்குத் தெற்கே, பிறக்கும் ஆயிரத்துக்கு 60க்கு மேல் சிசு மரணமோ 80க்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்டோர் மரணமோ உள்ள இடங்களில், ஒரு மாதம் முதல் பதினொரு மாதம் வரையுள்ள சிசுக்களுக்கு மட்டும் பரிசீலிக்கலாம். எதிர்ப்பைக் கண்காணிக்க வேண்டும். இறப்பு விகிதத்தை வாசலாக வைத்தது சரி. வயதைச் சுருக்கியது, எதிர்ப்பைக் குறைக்கும் நல்ல நோக்கத்தில் செய்யப்பட்ட தவறு. நைஜரில் மூவாயிரம் ஊர்களில் நடந்து 2024இல் வெளியான அவெனிர் ஆய்வு அதைக் காட்டிவிட்டது. ஐந்து வயது வரை எல்லாருக்கும் கொடுத்த ஊர்களில் இறப்பு 14 சதவீதம் குறைந்தது. சிசுக்களுக்கு மட்டும் கொடுத்த ஊர்களில் அந்தச் சிசுக்களின் இறப்பு 6 சதவீதம்தான் குறைந்தது. அதுவும் தற்செயலாக இருக்கலாம். கிருமியைச் சிசுவுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது பெரும்பாலும் அக்காவும் அண்ணனும்தானே. பாதி மருந்து பாதி எதிர்ப்பைக் கொண்டுவரலாம். பாதிப் பலனைக்கூடக் கொண்டுவரவில்லை.

அவெனிரில் இன்னொரு செய்தி பொதிந்திருக்கிறது. வெற்றுமருந்து ஊர்களின் இறப்பு ஆயிரத்துக்கு 13.9, மருந்து ஊர்களில் 11.9. பகுதிகள் முழுக்க ஒன்றாக இல்லாவிட்டாலும் நாடு அதேதான். மோர்டோர் காலத்து 27.5இல் ஏறக்குறைய பாதி. ஆயிரத்துக்கு ஐந்து உயிர் இப்போது ஆயிரத்துக்கு இரண்டு. ஓர் உயிருக்கு இருநூறு குழந்தைகள் என்பது ஐந்நூறாகிவிட்டது. தடுப்பூசியும் மலேரியாத் தடுப்பும் முன்னேற முன்னேற இது இன்னும் பெருகும். எதிர்ப்பு வளரும் வேகமோ கொடுத்த வேளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. காப்பாற்றிய உயிர்களின் எண்ணிக்கையைப் பார்த்து அது குறையாது. மருந்து நிறுவனத்தின் தானமாக வருவதால் செலவு தெரியாமல் தொடர்ந்துகொண்டே போகும் ஆபத்தும் இதில் உண்டு.

எனவே என் முடிவு இது. வாசல் எண்ணைத் தாண்டிய ஊர்களில் கொடுக்கலாம். கொடுத்தால் ஐந்து வயது வரை எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். உள்ளே நுழைந்த அதே எண்ணுக்குக் கீழே இறப்பு இறங்கிய ஆண்டில், பலன் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தாலும், நிறுத்த வேண்டும். கண்காணிப்பு என்பது மூக்கில் தங்கிய கிருமியை எண்ணுவதோடு முடியக்கூடாது. அந்த ஊர்களின் மெலிந்த குழந்தைகளுக்கும் நிமோனியாக் குழந்தைகளுக்கும் அமாக்சிசிலின் முன்போல வேலை செய்கிறதா என்று மருத்துவ நிலையத்தில் பார்க்க வேண்டும். இதைச் செய்ய முடியாத அரசு தொடங்கவே கூடாது.

இந்தியாவுக்கு இந்த ஊர்மருந்து வேண்டாம். நம் சிசு மரணம் அந்த வாசலுக்கு வெகு கீழே; தமிழ்நாட்டில் 2020இன் கணக்கு ஆயிரத்துக்கு 13. அதோடு அசித்ரோமைசின் நமக்கு டைஃபாய்டு மருந்து. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016இல் கிளம்பிய, பல மருந்துகளுக்கு அடங்காத டைஃபாய்டு வகைக்கு வாய்வழிக் கொடுக்க ஏறக்குறைய இது ஒன்றே மிஞ்சியது. அந்தக் கடைசி மாத்திரையை இந்தத் துணைக்கண்டத்தில் ஊருக்கு ஊற்றுவது மடமை.

பிரசவ அறை வேறு வழக்கு. இந்தியாவின் பெலகாவி, நாக்பூர் உட்பட ஏழு நாடுகளின் ஆய்வு மையங்களில் 29,278 தாய்மார்களிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், பிரசவ வலியின்போது ஒரே வேளை 2 கிராம் அசித்ரோமைசின் பெற்றவர்களில் தொற்றால் உடலுறுப்புகள் பாதிக்கப்படும் செப்சிஸோ மரணமோ 1.6 சதவீதம், பெறாதவர்களில் 2.4. மிஞ்சியது பெரும்பாலும் செப்சிஸ் குறைவுதான்; தாய் மரணம் இரு பக்கமும் மிக அரிதாகவே இருந்தது, சிசுவுக்கும் பலன் இல்லை. இருந்தாலும் நூற்றிருபத்தைந்து பேருக்கு ஒரு செப்சிஸ் தடுக்கப்படுகிறது. ஒரு பெண்ணுக்கு ஒரு பிரசவத்துக்கு ஒரே வேளை; கொடுப்பவர் எதிரே நிற்கிறார், கொடுத்தது கேஸ் ஷீட்டில் ஏறுகிறது. செப்சிஸ் அதிகமுள்ள மாவட்ட மருத்துவமனைகளில் இதை அனுமதிக்கலாம். கை கழுவும் தண்ணீரும் சுத்தமான கையுறையும் தடையின்றிக் கிடைக்கும் மருத்துவமனைகளில் முதலில் அவற்றால் செப்சிஸ் எவ்வளவு குறைகிறது என்று ஓராண்டு எண்ணிப் பார்த்துவிட்டு, பிறகு மாத்திரையை எடுக்கலாம்.