பிசாசின் எல்லையும் பாலகாட் உபதேச மரபும்

நம் சங்கத்தின் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், அதுவும் பிசாசைப் பற்றியே வேண்டும் என்று செயலாளர் வந்து கேட்டார். பெரியவர்கள் பலர் இருக்க நான் எழுதுவதா என்று தயங்கினேன். தலைவர் ஐயாவும் சொன்ன பிறகு மறுக்க முடியவில்லை. தூதன் விழுந்ததும், யோபு சோதிக்கப்பட்டதும், கதரேனர் நாட்டுப் பன்றிகள் கடலில் பாய்ந்ததும் நம்மவருக்கு மனப்பாடம். அவற்றை இங்கே விரிக்கவில்லை. இந்த உபதேசம் கோலார் தங்கவயலில் எந்தெந்த வழியாக நின்றது, எப்படிப்பட்ட ஒழுங்கில் நின்றது என்பதைச் சொல்வதே நோக்கம்.

கத்தோலிக்கச் சகோதரர்களின் வழி பழையது, கறாரானது. பிசாசும் கடவுளால் நல்லவனாகவே படைக்கப்பட்டு, தன்னால்தான் கெட்டான் என்று 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் அறுதியிட்டது. ஆகவே அவன் சிருஷ்டி. கடவுளுக்கு எதிரே சரிசமமாக உட்கார்ந்திருக்கும் இன்னொரு கடவுள் அல்ல. தோமா அக்குவினா அதற்கு மேலும் வேலி கட்டினார். நம் உள்ளத்து எண்ணத்தைப் பிசாசு நேராக அறியான்; நம் சித்தத்தைக் கட்டாயப்படுத்தான்; மெய்யான அற்புதம் செய்யவும் அவனால் ஆகாது. பேயோட்டும் சடங்கை ஆயரின் அனுமதி பெற்ற குருவைத் தவிர வேறு யாரும் நடத்தலாகாது என்பது அவர்கள் திருச்சபைச் சட்டத்தின் 1172-ஆம் விதி. 1999-இல் திருத்தி வெளியிட்ட சடங்கு நூலும், வந்திருப்பது நோயா என்று முதலில் பார்க்கச் சொல்கிறது. மாரிகுப்பத்துப் பழைய உபதேசியார்கள் இந்த வரம்பைத் தாண்டியதில்லை என்று எங்கள் பெரியவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

மெதடிஸ்ட் சபையார் மனந்திரும்புதலில் ஊன்றி நின்றவர்கள். வெஸ்லி தீய தூதர்களைப் பற்றித் தனிப் பிரசங்கமே எழுதியிருந்தும், அவர்கள் மேடையில் பிசாசுக்குக் கிடைத்த நேரம் குறைவு. பெந்தெகொஸ்தே ஊழியர்கள் பின்னால் வந்தவர்கள். அவர்களில் முதல் தலைமுறையார் உபவாசமிருந்து ஜெபித்துவிட்டு, வீட்டார் நீட்டிய காப்பியைக்கூட வாங்காமல் போவார்கள். அந்தப் பெரியவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. இலக்கிய வழியும் இருக்கிறது: மூடநம்பிக்கைகளைச் சாடிய வேதநாயக சாஸ்திரியாரின் சாஸ்திரக் கும்மி, 1894-இல் வந்த கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் ஆகிய இரண்டையும் வைத்துப் பாடியும் விளக்கியும் போதித்தவர்கள் நம் தொழிலாளர் லைன்களில் இருந்தார்கள்.

இனி எங்கள் வழிக்கு வருகிறேன். 1895-இல் கிருஷ்ணகிரியில் தொடங்கிப் பிறகு வயலுக்கும் வந்த லுத்தரன் மிஷனின் வழி அது. எங்கள் பெரிய உபதேசியார் ஐயாவின் பெயரை இங்கே எழுத வேண்டியதில்லை; வயலின் பாலகாட் பகுதியில் அவரிடம் காது திருகு வாங்காத வீடு ஏது? அவர் கையில் எப்போதும் இருந்தது லுத்தரின் சிறிய ஞானோபதேசம். அதில் பிசாசு வரும் இடங்கள் சிலவே என்பதை ஐயா விரல் விட்டுக் காட்டுவார். காலை ஜெபமும் மாலை ஜெபமும், சத்துருவுக்கு நம்மேல் அதிகாரம் வராதபடி தூதனைத் துணைக்குக் கேட்டு முடியும். முடிந்ததும் காலையில் சந்தோஷமாக வேலைக்குப் போ, இரவில் உடனே தூங்கு என்கிறார் லுத்தர். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவன் விடிந்தபின் மாலை ஜெபத்தைச் சொல்லிவிட்டுப் படுக்கலாம் என்று ஐயா அனுமதி கொடுத்திருந்தார். பரமண்டல ஜெபத்தின் ஆறாம் விண்ணப்பத்துக்கு வந்தால் பிசாசு, உலகம், நம் மாம்சம் என்று மூன்றையும் சொல்ல வைப்பார். ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்துகிறவன் மற்ற இரண்டையும் வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறான் என்பார். வார்ட்பர்க் கோட்டையில் லுத்தர் மைக்கூட்டை எறிந்த கதையை அவர் சொன்னதே இல்லை. அது சரித்திரமல்ல என்பது அவருக்குத் தெரியும்.

சுரங்கச் சாப்ட்டுக்குள் செத்தவன் பேயாக அலைகிறான் என்ற பேச்சு இந்த ஊரில் புதிதல்ல. ஏர் பிளாஸ்டில் கல் வெடித்து ஆள் போன லெவலில் மறுநாள் இறங்க எவனுக்குக் கால் வரும்? ஐயா பேயையும் பிசாசையும் பிரித்துக் காட்டினார். வேதம் சொல்லும் பிசாசு விழுந்துபோன தூதன். செத்த மனிதன் பிசாசாவதில்லை. அவன் ஆண்டவர் கையில் இருக்கிறான். அடக்கத்தின்போதே இதைச் சொல்லிவிடுவார். விதவையின் காதில் அது விழ வேண்டும் என்பது அவர் எண்ணம்.

யோபுவின் கதையைச் சொல்லும்போது அவர் எடுக்கும் உவமை, சுரங்கத்தில் ஆள் இறக்கும் கேஜ். கேஜ் எத்தனை வேகமாய் இறங்கினாலும் வைண்டிங் டிரைவர் விட்ட கயிற்றளவுதான் போகும். சாத்தானுக்கும் முதலில் சொத்துமட்டும், பிறகு சரீரம்மட்டும், உயிரைத் தொடாதே என்று கயிறு அளந்து விடப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன ஊரில் இதற்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. கயிறு விடுவதே ஏன் என்று கேட்கவும் இங்கே ஆள் இருந்தது. மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் அயோத்திதாசரைப் பின்பற்றிய பௌத்த சங்கத்தார் எதையும் சும்மா விடமாட்டார்கள். ஐயா அவர்களோடு உட்கார்ந்து பேசுவார். சிலுவையிலும் உயிர்த்தெழுதலிலும் பிசாசு தோற்றுவிட்டான், கடைசித் தீர்ப்புதான் மீதி என்பார். அதற்கு மேல் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்.

அவர் வகுத்த ஒழுங்கு எளிது. பிசாசு பிடித்ததென்று யாராவது வந்தால் முதலில் ஆஸ்பத்திரி. தேவைப்பட்டால் பெங்களூர் நிம்ஹான்ஸ். அடிக்கக் கூடாது, தலைமயிரைப் பிடிக்கக் கூடாது, கட்டிப்போடக் கூடாது. சங்கிலி கூடாதென்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்வதற்கு எத்தனையோ வருஷம் முன்பே ஐயா சொல்லியாயிற்று. போதகருக்குத் தெரியாமல் ஜெபக்கூட்டம் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிசாசோடு பேச்சு கொடுக்கக் கூடாது. லேகியோனிடம் ஆண்டவர் பெயர் கேட்டாரே என்பவர்களுக்கு, கப்பர்நகூம் ஜெபாலயத்தில் அசுத்த ஆவியின் வாயை அடக்கினாரே என்று பதில் வரும்.

இன்றைய நிலையைப் பற்றி எழுதும்போது யாரையும் மனத்தில் வைத்து எழுதவில்லை. உண்மையாய் உழைப்பவர்கள் பலர் உண்டு. ஆனாலும் சில மேடைகளில் மைக்கையே பிசாசிடம் நீட்டுகிறார்கள். பெயர் என்ன, எத்தனை பேர், யார் ஏவியது என்று பேட்டி நடக்கிறது. பொய்க்குப் பிதா என்று ஆண்டவர் சொன்னவனிடமே சாட்சி வாங்குகிறோம். அடுத்த வீட்டுக்காரி செய்வினை வைத்தாள் என்று அது சொன்னால் சபை நம்புகிறது; இரண்டு குடும்பம் ஆயுசுக்கும் பேசுவதில்லை. சாத்தானுக்கு இதைவிட நல்ல ஊழியம் யார் செய்ய முடியும்?

அதோடு நின்றால் பரவாயில்லை. வண்டி பஞ்சரானால் பிசாசு, பையன் கணக்கில் தோற்றால் பிசாசு, கூட்டத்தில் கரண்ட் போனால் பிசாசு. 2001 பிப்ரவரி 28-இல் மைன் மூடியதும் பிசாசின் கிரியை என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். கல்லில் தங்கம் குறைந்தது, ஆழம் கூடியது, எடுக்கும் செலவு விற்கும் விலையைத் தாண்டியது. அதைப் பார்த்துத் தீர்மானித்தவர்கள் மனிதர்கள். பிசாசின்மேல் போட்டுவிட்டால் யாரும் யாரையும் கணக்குக் கேட்க வேண்டியதில்லை. சுவரொட்டியில் இயேசுவின் நாமத்தைவிடச் சாத்தான் பெயர் பெரிய சிவப்பு எழுத்தில் நிற்கிறது. வாலிபர்களுக்குப் பேய்ப்படங்களின் பாகக் கணக்கு தெரிகிறது, ஆறாம் விண்ணப்பத்தின் அர்த்தம் தெரியவில்லை. பாட்டில் ராகம் இல்லை. ஜெபத்தில் நிறுத்தம் இல்லை. பிரசங்கியார் தோளில் அங்கவஸ்திரம் இல்லை. கூட்டம் முடிந்து தரும் சுண்டலில்கூட உப்பு இல்லை. இத்தனைக்கும் காரணம் ஒன்றே: ஞானோபதேச மனப்பாடம் நின்றுபோனது. அது நின்ற அன்றே தரம் இறங்கத் தொடங்கியது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆகவே நம் சங்கத்தின் முன் என் வேண்டுகோள் இது. சனிக்கிழமை ஞானோபதேச வகுப்பை மறுபடி தொடங்க வேண்டும். நம் மேடையில் பிசாசுக்கு மைக் இல்லை என்று தீர்மானம் எழுத வேண்டும். நோயாளியை முதலில் டாக்டரிடம் அனுப்பும் ஒழுங்கைப் போதகரும் மூப்பர்களும் எழுத்தில் தர வேண்டும். தலைவர் ஐயா இவற்றை அடுத்த பொதுக்குழுவில் வைக்கட்டும். வகுப்பு நடத்த ஆள் கிடைக்கவில்லை என்றால், சனிக்கிழமை மாலைகளில் எனக்கு வேறு வேலை இல்லை.